ஸ்கூல்ல இருந்து ஆர்மிக்காரங்களுக்கு என் பையன் நம்பர் எப்படிப் போச்சு? (டெக்சாஸ், 11வது)

வைகைக்கரை – ஞாயிறு, இரவு 10:42

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க. டாலஸ் பக்கம் ஒரு சபர்ப்ல இருக்கோம், பெரியவன் லெவன்த் படிக்கிறான், ஸ்கூல் பேரு வேணாம். போன செவ்வாய் சாயங்காலம் தோசை ஊத்திட்டு இருக்கேன், இன்டர்நெட்டோட சும்மா குடுத்த லேண்ட்லைன் ஒண்ணு கெடக்கு, அது அடிக்குது. எடுத்தா யாரோ ஸ்டாஃப் சார்ஜென்ட்டாம், மேடம் மேடம்னு அவ்ளோ மரியாதை, பையன் முழுப் பேரைச் சொல்லி அவன்கூடப் பேசணும்கறார். சார்ஜென்ட்னதும் நான் போலீஸ்னு நெனச்சுட்டேன், கையெல்லாம் உதறிப்போச்சு, தோசை கருகி அடுப்பு மேல இருக்கற அலாரம் வேற கத்துது. அப்புறம்தான் சொல்றார் ஆர்மி ரெக்ரூட்டராம் (ராணுவத்துக்கு ஆள் சேக்கறவர்), "காலேஜுக்குப் பணம் கெடைக்கற வழி பத்திப் பேசலாம்"ங்கறார்.

பையனைக் கேட்டா, ஆமா போன மாசம் ஸ்கூல்ல ஏதோ கரியர் டெஸ்ட்னு எங்க கிளாஸ் எல்லாரையும் உக்கார வச்சு மூணு மணி நேரம் எழுதச் சொன்னாங்க, அதுவா இருக்கும்கறான். அந்த டெஸ்ட் பேரு ஆஸ்வாப். கூகுள் பண்ணா அது ராணுவத்துல சேர்றவங்களுக்கு வைக்கற பரீட்சைன்னு வருது!! எங்களை ஒரு வார்த்தை கேக்கல. ஃபீல்ட் ட்ரிப்ல ஜூவுக்குக் கூட்டிட்டுப் போகவே ரெண்டு கையெழுத்து வாங்கறாங்க, இதுக்கு ஒண்ணும் இல்லையா?? இவரு "விடு ஃபோனை வச்சுட்டா போச்சு"ன்னு சீரியஸாவே எடுத்துக்கல. ஸ்கூல் மேல கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாமா, யாருக்குக் குடுக்கணும்?

நியூஜெர்சி நாட்டாமை – ஞாயிறு, இரவு 11:15

பதறாதீங்க சிஸ்டர். சொன்னா இன்னும் கோவம் வரும், ஆனா இந்த விஷயத்துல ஸ்கூல் நம்பர் குடுத்தது தப்பில்ல, கேட்டு குடுக்கலேன்னாதான் தப்பு. 2002 ஜனவரில புஷ் கையெழுத்து போட்ட நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட் சட்டம் ஞாபகம் இருக்கா, மேத்ஸ் ரீடிங் டெஸ்ட்டுனு எல்லாரும் சண்டை போட்ட சட்டம், அதுக்குள்ள ஒரு மூலைல இதைச் சொருகினாங்க. ஃபெடரல் பணம் வாங்கற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எல்லாம் ஹைஸ்கூல் பசங்க பேரு, அட்ரஸ், ஃபோன் நம்பர் மூணையும் ரெக்ரூட்டர் கேட்டா குடுத்தாகணும், காலேஜ்காரங்களையும் கம்பெனிக்காரங்களையும் உள்ள விடற மாதிரியே அவங்களையும் உள்ள விடணும். கொண்டு வந்தவர் லூசியானா எம்.பி. டேவிட் விட்டர். 1999ல மட்டும் ஸ்கூல்கள் 19 ஆயிரம் தடவைக்கு மேல ரெக்ரூட்டர்களைத் திருப்பி அனுப்பிடுச்சுன்னு பென்டகன் கணக்கு காட்டுச்சு, அதைப் புடிச்சுதான் பேசினார். 2015ல அந்த சட்டம் போய் எஸ்ஸான்னு புதுச் சட்டம் வந்தப்பவும் இது மட்டும் பத்திரமா கூடவே வந்துடுச்சு, இப்ப செக்‌ஷன் 8528.

ஆனா அதே செக்‌ஷன்லயே நமக்கும் ஒரு வரி இருக்கு. "என் பிள்ளை விவரத்தைக் குடுக்காதே"ன்னு பேரன்ட் எழுத்துல குடுத்தா அப்புறம் குடுக்கக் கூடாது. 18 ஆயிட்டா பிள்ளையே எழுதலாம். இப்படி ஒண்ணு இருக்குன்னு ஸ்கூல் நமக்குச் சொல்லணும். சொல்லியிருப்பாங்க. ஆகஸ்ட்ல வருமே ஒரு நாப்பது பக்கம், ஐபேட் ஒடஞ்சா யாரு காசு, பீநட் அலர்ஜி, டிரெஸ் கோட்... அதுல எங்கயோ ஒரு பாரா.

பேச்சிலர் பாண்டி – ஞாயிறு, இரவு 11:21

லேண்ட்லைன் வச்சிருக்கீங்களா 😳 எனக்கு அதுதான் ஷாக்

வைகைக்கரை – ஞாயிறு, இரவு 11:40

@நாட்டாமை இப்பத்தான் பழைய மெயில் தோண்டி அந்த ஹேண்ட்புக் எடுத்தேன். 31ஆம் பக்கம் கீழ. "நான் படித்துப் புரிந்துகொண்டேன்"னு நானே டிக் போட்டிருக்கேன் 🤦‍♀️ அது சரி, குடுக்காதேன்னாதான் எழுதணுமா? குடுங்கன்னு நான் சொன்னாதானே குடுக்கணும், அதுதானே நியாயம்?

நியூஜெர்சி நாட்டாமை – ஞாயிறு, இரவு 11:52

அப்படி நடத்த சில டிஸ்ட்ரிக்ட் முயற்சி பண்ணாங்க, சரின்னு சொன்னவங்க பேரை மட்டும் குடுப்போம்னு. 2015 சட்டத்துல அந்தக் கதவையும் சாத்திட்டாங்க, அந்த மாதிரி வழி வச்சு பட்டியலை நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு நேராவே எழுதிட்டாங்க. நீங்க சும்மா இருந்தா சம்மதம்னு அர்த்தம், நம்ம ஊரு கல்யாணத்துல பொண்ணு தலை குனிஞ்சா சம்மதம்னு எடுத்துக்கற மாதிரி.

சப்_டீச்சர் – திங்கள், காலை 6:30

ஹூஸ்டன்ல சப்ஸ்டிட்யூட்டா போறேன், இந்த ஆஸ்வாப்புக்கு ரெண்டு தடவை ரூம்ல நின்னுருக்கேன். பட்டியல் வேற, இந்த டெஸ்ட் வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. நீங்க எழுதிக் குடுக்கற லெட்டர் பட்டியலைத்தான் நிறுத்தும், டெஸ்ட்டை நிறுத்தாது, அது தனி வாசல்.

டெக்சாஸ்ல 2017ல ஒரு சட்டம் போட்டாங்க, 10ல இருந்து 12 வரைக்கும் பசங்களுக்கு வருஷா வருஷம் ஸ்கூல் நேரத்துலயே ஆஸ்வாப் எழுத வாய்ப்பு குடுக்கணும்னு (வேற கரியர் டெஸ்ட் வைக்கவும் வழி இருக்கு). வாய்ப்பு குடுக்கணும்னுதான் இருக்கு, எல்லாரும் எழுதியாகணும்னு எங்கயும் இல்ல. ஆனா காலைல ரெண்டாவது பீரியட்ல "எல்லாரும் கேஃபடீரியாவுக்குப் போங்க"ன்னா எந்தப் பையன் எனக்கு வேணாம்பான், அல்ஜீப்ரா கட்டாகுதேன்னு முதல் ஆளா ஓடுவான். விடைத்தாள்ல பிரைவசி பத்தி பொடி எழுத்துல இருக்கும், கீழ பசங்க கையெழுத்து, அப்பா அம்மா கையெழுத்துக்கு இடமே கிடையாது.

மார்க் யாருக்குப் போகணும்னு ஸ்கூல்தான் முடிவு பண்ணும். ஆப்ஷன் 1னா கொஞ்ச நாள்லயே ரெக்ரூட்டர் கைக்குப் போயிடும், ஆப்ஷன் 8னா ரெக்ரூட்டருக்குப் போகவே போகாது. அந்த நாளுக்கு ஸ்கூல் என்ன எடுத்துதோ அதுதான் எல்லாருக்கும், என் பையனுக்கு மட்டும் 8ன்னு கேக்க முடியாது. மேரிலாண்ட்ல 2010லயே ஸ்டேட் முழுக்க 8தான்னு சட்டம் போட்டுட்டாங்க, நாட்டுலயே அவங்கதான் முதல்ல. நம்ம ஊர்ல கவுன்சிலர் கைல இருக்கு, பாதி பேருக்கு அப்படி ஒரு சாய்ஸ் இருக்கறதே தெரியாது, கேட்டா முழிப்பாங்க. அதனால கம்ப்ளெய்ன்ட்னு ஆரம்பிக்காம "நீங்க எந்த ஆப்ஷன் எடுத்தீங்க"ன்னு மட்டும் ஒரு மெயில் போடுங்க அக்கா. அந்தக் கேள்விக்கே கொஞ்சம் அரண்டு போவாங்க.

லெவன்த்ல எழுதினதுன்னா அந்த மார்க்கை ரெண்டு வருஷத்துக்கு ஆர்மில சேர யூஸ் பண்ணிக்கலாம். டென்த்ல எழுதினது செல்லாது.

கலிஃபோர்னியா கருவேப்பிலை – திங்கள், காலை 8:05

எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி ஃபாரத்தை நல்லாப் படிங்க, நான் மாட்டின கதை சொல்றேன். பொண்ணு நைன்த் சேந்தப்போ நானும் இதேதான், ஆர்மி நேவி ஒருத்தனுக்கும் போகக்கூடாதுன்னு வேகமா டிக் போட்டேன். ரெண்டு டப்பா இருந்திருக்கு. ஒண்ணு ராணுவத்துக்கு மட்டும் குடுக்காதே, இன்னொண்ணு யாருக்குமே எதையுமே குடுக்காதே. நான் போட்டது ரெண்டாவது. வருஷக் கடைசில இயர்புக் வந்தா எம்பொண்ணு படமே இல்ல, ஆனர் ரோல் போட்டு லோக்கல் பேப்பர்ல வந்துச்சு அதுலயும் பேரு இல்ல, ஆர்க்கெஸ்ட்ரா நோட்டீஸ்லயும் இல்ல. ஒரு வாரம் எங்கிட்ட பேசல. இன்னைக்கும் ஏதாச்சும் சண்டைன்னா "நீதான் என்னை இயர்புக்ல இருந்து அழிச்சவ"ன்னு ஆரம்பிப்பா. முதல் டப்பா மட்டும் போடுங்க ப்ளீஸ்.

மாவ்னி மாப்ள – திங்கள், மதியம் 12:48

இந்த இழையைப் படிச்சா ரெக்ரூட்டர்னா புள்ள புடிக்கறவன்னு நெனச்சுப்பாங்க போல. நான் ஆர்மில இருந்தவன், சொந்த ஊரு திருநெல்வேலி. ஸ்டூடன்ட் விசால வந்து மாஸ்டர்ஸ் முடிச்சு வேலை கெடைக்காம நின்னப்போ மாவ்னின்னு ஒரு புரோகிராம் இருந்துச்சு, கிரீன் கார்டு இல்லாதவனையும் மொழி தெரிஞ்சா எடுத்துக்குவாங்க. அந்த மொழிப் பட்டியல்ல தமிழும் இருந்துச்சு, நம்புங்க, அமெரிக்க ராணுவத்துக்குத் தமிழ் தேவைப்பட்டுச்சு. ஃபோன்ல ஒருத்தர் தமிழ்லயே கேள்வி கேட்டு டெஸ்ட் வச்சாரு. 10 வாரம் பேசிக் ட்ரெயினிங் முடியறப்போ கைல சிட்டிசன்ஷிப். என் கூடப் படிச்சவங்க இன்னும் ஈபி-2 கிரீன் கார்டு வரிசைல நிக்கறாங்க. ஜிஐ பில்லுல (ராணுவத்துல இருந்தவங்க படிப்புக்கு அரசாங்கம் குடுக்கற பணம்) ரெண்டாவது மாஸ்டர்ஸ் 36 மாசக் கணக்குக்குள்ள முடிச்சேன், ஒரு பைசா லோன் கிடையாது.

ரெக்ரூட்டருக்குக் கமிஷன்லாம் இல்ல. மாசம் இத்தனை பேருன்னு மிஷன் குடுப்பாங்க, முடிக்கலேன்னா மேலதிகாரி வறுத்து எடுப்பான், சனி ஞாயிறு கெடையாது. 2022ல ஆர்மி 60 ஆயிரம் பேர் எடுக்கணும்னு போய் 15 ஆயிரம் கொறைஞ்சு நின்னுச்சு, அந்த வருஷம்லாம் அவனுங்க எப்படித் தூங்கினானுங்களோ. அவன் ஃபோன் பண்ணான், மேடம்னு மரியாதையாப் பேசினான், வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, முடிஞ்சுது.

சப்_டீச்சர் – திங்கள், மதியம் 1:20

தம்பி நீங்க சேந்தப்போ உங்களுக்கு எத்தன வயசு? இருபத்தஞ்சா? கைல டிகிரி. நாங்க பேசறது பதினாறு வயசுப் பசங்களைப் பத்தி. வைகைக்கரை அக்கா ஸ்கூலுக்கு ரெக்ரூட்டர் வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்தாலே பெருசு. நான் போற ஸ்கூல் ஒண்ணுல, முக்கால்வாசி பசங்க இலவச லஞ்ச் சாப்பிடறவங்க, அங்க ரெக்ரூட்டருக்கு கேஃபடீரியால ரெகுலர் டேபிள் மாதிரியே ஆயிடுச்சு, பசங்க பேரெல்லாம் அவருக்கு மனப்பாடம். காலேஜ்காரன் அங்க எட்டிப் பாக்கறதில்ல. சட்டம் ரெண்டு பேருக்கும் ஒரே வாசல்தான் தொறக்குது, நுழையறது ஒருத்தர்தான்.

ஜேஆர்ஓடிசியும் (ஹைஸ்கூல்லயே நடக்கற ராணுவப் பயிற்சி கிளாஸ்) அப்படித்தான். 2022ல நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சே, சில ஸ்கூல்ல நைன்த் வர்ற பசங்களைக் கேக்காமயே அந்தக் கிளாஸ்ல போட்டு விட்டுட்டாங்க, வெளிய வரணும்னா வர முடியலைன்னு. எந்த மாதிரி ஏரியான்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

மாவ்னி மாப்ள – திங்கள், மதியம் 1:34

24. சரி அந்த வயசு பாயின்ட் ஒத்துக்கறேன். ஆனா ஏழைப் பசங்க ஸ்கூல்ல அந்த டேபிளையும் எடுத்துட்டா அங்க வேற என்ன டேபிள் இருக்கு, அதையும் சொல்லுங்க. இன்னொண்ணு, மாவ்னியை நான் ரொம்பப் புகழல, 2016ல புது ஆள் எடுக்கறதை நிறுத்திட்டாங்க, கையெழுத்து போட்டு பேக்ரவுண்ட் செக்லயே வருஷக்கணக்கா மாட்டி, அதுக்குள்ள விசா போய், நடுத்தெருவுல நின்னவங்க எனக்கே தெரியும். ரெக்ரூட்டர் சொன்னதை நம்பி வேலையை விட்டவங்க அவங்க. எழுத்துல இல்லாததை நம்பாதீங்க, அது மட்டும் நான் சொல்வேன்.

ஹெச்4_அம்மா – திங்கள், மாலை 5:02

ஒரு சந்தேகம், நாங்க ஹெச்1 ஹெச்4தான் (வேலை விசாவும் அதோட வர்ற குடும்ப விசாவும்), எங்க பையனுக்கும் மெசேஜ் வந்துச்சு. போனா கிரீன் கார்டு வருமான்னு கேக்கறான் 😐

நியூஜெர்சி நாட்டாமை – திங்கள், மாலை 5:30

வராதும்மா. சேரவே சிட்டிசனாவோ கிரீன் கார்டாவோ இருக்கணும். ஸ்கூல் யாருகிட்டயும் விசா கேக்கறதில்ல, அதனால பட்டியல்லயும் அந்த விவரம் இல்ல, எல்லாருக்கும் மெசேஜ் போகும். கிரீன் கார்டு இருக்கறவன் சேந்தா அஞ்சு வருஷம் காத்திருக்காம சிட்டிசன்ஷிப் போடலாம், அதைத்தான் எவனோ பாதி கேட்டுட்டு வந்து சொல்லியிருப்பான். செலக்டிவ் சர்வீஸ்னு 18 வயசுப் பசங்க பேரு பதியற விஷயமும் இதுவும் வேற, ஹெச்4 விசா ஒழுங்கா இருக்கற வரைக்கும் அது உங்க பையனுக்குக் கெடையாது. கிரீன் கார்டுக்காரங்களுக்கு உண்டு, வைகைக்கரை சிஸ்டர் குறிச்சு வச்சுக்கோங்க, அதுக்கு எழுதிக் குடுத்து விலகற வழியே இல்ல.

பேச்சிலர் பாண்டி – திங்கள், மாலை 6:11

எல்லாரும் சேந்து ஊர்ல ஓட்டு போட்டு ரெக்ரூட்டர் வரக்கூடாதுன்னு பண்ண முடியாதா, பஞ்சாயத்து தீர்மானம் மாதிரி

கலிஃபோர்னியா கருவேப்பிலை – திங்கள், இரவு 7:45

எங்க ஸ்டேட்லயே பண்ணிப் பாத்தாங்க பாண்டி! வடக்க ஆர்கேட்டா, யுரேக்கான்னு ரெண்டு சின்ன ஊரு. 2008 தேர்தல்ல ஜனங்களே ஓட்டு போட்டு, 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களை ரெக்ரூட்டர் தானா போய்ப் பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. பையனே தேடிப் போனா பரவால்ல, இவங்க தேடி வரக்கூடாது, அவ்ளோதான். ஃபெடரல் கவர்ன்மென்ட் கேஸ் போட்டு ஒடைச்சிருச்சு, ராணுவத்துக்கு ஆள் எடுக்கறதுல முனிசிபாலிட்டி தலையிட முடியாதாம். அப்பீல்லயும் தோத்தாங்க. ஆனா எதிர்ப்பக்கம் ஒரு வழி இருக்கு, 1986ல சான் டியேகோ பக்கத்துக் கேஸ்ல அப்பீல் கோர்ட் சொன்னது, ஸ்கூல் பத்திரிகைல ராணுவ விளம்பரம் போட்டா ராணுவம் வேணாம்கறவங்க விளம்பரத்துக்கும் எடம் குடுன்னு. அதை வச்சு இன்னைக்கும் சில ஸ்கூல்ல பழைய வியட்நாம் வெட்டரன் தாத்தாக்கள் பக்கத்துலயே டேபிள் போட்டு உக்காந்திருப்பாங்க. பசங்க டி-ஷர்ட் குடுக்கற டேபிளுக்குத்தான் போவாங்க, அது வேற விஷயம் 😄

வன்னிக்காரன் – திங்கள், இரவு 11:58

நான் இஞ்ச எழுதுறது குறைவு. தங்கச்சி, உங்கட கை நடுங்கினது எண்டதை வாசிச்சிட்டுத்தான் எழுதுறன்.

எங்கட ஊரில புலியள் வீட்டுக்கு ஒரு ஆள் எண்டு கேட்டவை. முதல்ல விருப்பமாப் போன பிள்ளையளும் இருந்தவை, என்ர தமையன் அப்பிடித்தான் போனவர், நான் அதை மறைக்கேல்ல. கடைசி ரெண்டு மூண்டு வருசம் விருப்பம் எண்ட கதையே இல்லை. பிள்ளையளை வீட்டுக்குப் பின்னால பங்கருக்குள்ள ஒளிச்சு வைச்சு இரவில சோறு குடுத்த தாய்மாரை எனக்குத் தெரியும். கலியாணம் முடிச்சால் விடுவினம் எண்டு பதினாறு பதினேழு வயசுப் பெட்டையளுக்கு அவசரமாத் தாலி கட்டி வைச்சவை. கிழக்கில புலியளை விட்டுப் பிரிஞ்ச கருணாவின்ர ஆக்களும் வெள்ளை வானில பிள்ளையளைக் கொண்டு போனவை. எழுதிக் குடுத்து நிப்பாட்ட ஒரு தாளும் இருக்கேல்ல.

அதையும் இதையும் ஒண்டெண்டு நான் சொல்ல வரேல்ல. இஞ்ச ஒரு தாள் இருக்கு, அது பெரிய விசயம். ஆனால் அந்தத் தாளும் எவ்வளவு தூரத்துக்கு எண்டதையும் சொல்லுறன். என்ர மகள் பதினேழு வயசில நேவிக்குப் போகப்போறன் எண்டு படிவம் கொண்டு வந்து மேசையில வைச்சவள். 17 எண்டால் தாய் தகப்பன் ரெண்டு பேரும் ஒப்பம் வைக்கோணும். மனுசி வைச்சவ. நான் வைக்கேல்ல. ஏழு மாசம் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல, பதினெட்டு முடிஞ்ச கிழமை தானே போய் ஒப்பம் வைச்சிட்டாள். இப்ப நோர்ஃபோக்கில நிக்கிறாள், ஞாயிறுகளில ஃபோன் எடுப்பாள், என்ன சமையல் எண்டு கேப்பாள்.

மாவ்னி மாப்ள – செவ்வாய், காலை 7:10

அண்ணே. வணக்கம். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல.

வைகைக்கரை – புதன், இரவு 9:25

ரெண்டு நாள் எதுவும் எழுத முடியல. அண்ணா, உங்க பதிவை நான் இவருக்குப் படிச்சுக் காட்டினேன், ஃபோனை வச்சுட்டா போச்சுன்னவரு ஒண்ணும் பேசாம வெளிய போய் உக்காந்துட்டாரு.

அப்டேட் சொல்றேன். கவுன்சிலருக்கு சப் டீச்சர் சொன்ன மாதிரியே ஒரே ஒரு வரி மெயில் போட்டேன். பதில் வந்துச்சு, ஆப்ஷன் 1தானாம், "எப்பவும் அதுதான் போடுவோம்"னு எழுதியிருக்காங்க. அடுத்த வருஷம் மாத்தறதைப் பத்திப் பேசலாம்னும் எழுதியிருக்காங்க, பாப்போம், பிடிஏல (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) நாலு பேரைச் சேத்துக்கணும்.

ஆனா இன்னொண்ணு தெரிஞ்சுது, சிரிப்பதா அழுவதா தெரியல. நேத்து இவன் ரூம்ல துணி எடுக்கப் போனா கதவுக்குப் பின்னாடி ஒரு ஆர்மி பை, உள்ள தண்ணி பாட்டில், சாக்ஸ். என்னடா இதுன்னா, ஃபுட்பால் மேட்ச் அன்னைக்கு ஒரு டெண்ட் போட்டு கம்பில தொங்கி புல்-அப் எடுக்கற போட்டி வச்சாங்களாம், 12 எடுத்தானாம், பரிசு வாங்க ஒரு கார்டுல பேரு நம்பர் எழுதிக் குடுன்னாங்களாம், எழுதிக் குடுத்திருக்கான். லேண்ட்லைன் நம்பரை. ஏன்டா அதைக் குடுத்தேன்னா "என் செல் நம்பர் குடுத்தா ஸ்பேம் வரும்ல"ங்கறான்!!! நான் மூணு நாளா ஸ்கூலைத் திட்டிட்டு இருக்கேன்.

பேச்சிலர் பாண்டி – புதன், இரவு 9:31

லேண்ட்லைன் யூஸ் ஆயிடுச்சுல்ல

வைகைக்கரை – புதன், இரவு 9:50

😂 சும்மா இருங்க தம்பி. இப்ப கேள்வி என்னன்னா, அந்த முதல் டப்பா போடலாம்னு பேரன்ட் போர்ட்டல் போனா, அந்தப் பக்கம் செப்டம்பரோட லாக் ஆயிடுச்சுன்னு வருது. அடுத்த ஆகஸ்ட்தானாம். அதுக்குள்ள இவனுக்கு 17 ஆயிடும்.

நியூஜெர்சி நாட்டாமை – புதன், இரவு 10:04

போர்ட்டலை விடுங்க. சட்டத்துல செப்டம்பர்னு எங்கயும் இல்ல, எழுத்துல குடுக்கணும்னுதான் இருக்கு. ஒரே ஒரு பேப்பர், பையன் பேரு, கிரேடு, "ராணுவ ரெக்ரூட்டர்களுக்குப் பேர், அட்ரஸ், ஃபோன் எங்க எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் குடுக்கக் கூடாது, செக்‌ஷன் 8528"னு போட்டு கையெழுத்து போடுங்க, பிரின்சிபல் ஆபீஸ்ல நேர்ல குடுத்து உங்க காப்பில தேதியோட ரிசீவ்டுன்னு வாங்கிக்கோங்க. ஏற்கனவே போன பட்டியலைத் திரும்ப வாங்க முடியாது. பென்டகன் தனியா 16 வயசுல இருந்து பசங்க பேர்ல ஒரு பெரிய டேட்டாபேஸ் வச்சிருக்கு, ஜாம்ர்ஸ்னு (JAMRS) சொல்வாங்க, 2005ல வெளிய வந்து பெரிய ரகளையாச்சு, அதுல இருந்து விலகவும் தனி லெட்டர் போடணும், அதையும் கையோட பண்ணிடுங்க. அவன் தானா கார்டு எழுதிக் குடுத்ததுக்கு மட்டும் எந்த லெட்டரும் வேலை செய்யாது, அந்த சார்ஜென்ட்டுக்கே ஃபோன் பண்ணி சொல்ல வேண்டியதுதான்.

மாவ்னி மாப்ள – புதன், இரவு 10:20

ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். நாளைக்கே அவன் டிஇபில கையெழுத்து போட்டாலும், அதாவது ஸ்கூல் முடிச்சுட்டு வரேன்னு முன்கூட்டியே சேர்றது, கெளம்பற நாள் வரைக்கும் வேணாம்னு ஒரு லெட்டர் குடுத்து வெளிய வந்துடலாம், ஜெயில் கேஸ்னு எவனாச்சும் மெரட்டினா நம்பாதீங்க. இது நெறைய அப்பா அம்மாவுக்குத் தெரியாது. ட்ரெயினிங்குக்குக் கெளம்பிட்டா கதை வேற, மொத்தம் எட்டு வருஷக் கான்ட்ராக்ட்.

அப்புறம் 12 புல்-அப் சும்மா இல்ல அக்கா 💪

வைகைக்கரை – வியாழன், மாலை 4:40

லெட்டர் குடுத்தாச்சு, முத்திரை வாங்கியாச்சு. சார்ஜென்ட்டுக்கு ஃபோன் இவனே பண்றேன்னான், ஸ்பீக்கர்ல போடச் சொல்லி பக்கத்துல நின்னேன். "இப்ப வேணாம், அடுத்த வருஷம் நானே கூப்பிடறேன்"னு சொல்லிட்டு வச்சுட்டான். இப்ப வேணாம்னானே தவிர வேணாம்னு சொல்லல. நான் எதுவும் கேக்கல. பை இன்னும் கதவுக்குப் பின்னாடிதான் தொங்குது, பாட்டிலை மட்டும் சின்னவன் எடுத்துட்டுப் போயிட்டான்.